கிராணியார் வீட்டுக் காளான்

"இஞ்சேருங்கோ, திரும்பவும் முளைச்சிட்டுது!"

குளியலறையிலிருந்து மனைவி பூரணத்தின் குரல் கேட்டதும், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த குமாரசிங்கம் அப்படியே ஓடினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் இடத்தில், வெள்ளைக் காளான்கள் வரிசையாகக் குடை பிடித்து நின்றன. முதல் நாள் மாலைதான் அந்த இடத்தைத் தேங்காய்நார் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

"மழைக்காலம்தானே. ஈரம் கிடக்கு, முளைக்குது," என்றாள் பூரணம்.

"மழை எங்கட வீட்டுக்கு மட்டுமோ பெய்யுது? பக்கத்து வீட்டு மண்டோரின்ர குளியலறையில ஒரு காளான் முளைக்கட்டும், பாப்பம்!"

குமாரசிங்கம் மலேசியாவில் கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணி, கணக்கெழுதும் தலைமை எழுத்தர். யார் என்ன சொன்னாலும் இரண்டாம் முறை சரிபார்த்தே பழகியவர். மற்றபடி நல்ல மனிதர், பக்தர். விடிகாலையில் குளித்து, பூசையறையில் இருக்கும் சின்னக் கல் பிள்ளையாருக்குத் தண்ணீரும் பாலும் அபிஷேகம் செய்யாமல் ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். அபிஷேக நீர் யார் காலிலும் மிதிபடக் கூடாது என்பது அவருடைய தகப்பனார் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் அந்தப் பித்தளைச் சட்டியை மனைவியிடமோ மகளிடமோ கொடுக்கமாட்டார். வெறுங்காலோடு, யாரிடமும் பேசாமல், தாமே எடுத்துப்போய் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் ஊற்றிவிட்டு வருவார்.

இப்படிப்பட்ட ஒருவருடைய வீட்டில் காளான் முளைத்தால், அதற்கு யாராவது ஒரு ஆள் காரணமாக இருக்கத்தானே வேண்டும்?

அதிலும் இது காளான் முளைக்கிற நேரமா! இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரவாங்கிலிருந்து மகள் கமலாதேவியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஜெராமில் ஒரு கலியாண வீட்டில் பையனும் அவளும் ஏற்கெனவே பார்த்துப் பேசியிருந்தார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. பையனின் தாயார் அன்னபாக்கியம்தான் பயம். பெண் பார்க்கப் போகும் வீட்டில் முதலில் குளியலறையைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்ப்பாராம். தரகர் இதைச் சொன்ன நாளிலிருந்து கமலாதேவிக்குச் சரியாகத் தூக்கமில்லை.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள போயிடும்தானே?"

"போகும் பிள்ளை. முதல்ல ஆர் செய்யிறான் எண்டு கண்டுபிடிக்கிறன்."

"காளானை ஆராவது செய்வினமோ அப்பா?"

"உனக்குத் தெரியாது. போன ஆடித் திருவிழாவில ரெண்டாவது ஒலிபெருக்கி கட்ட வேண்டாம் எண்டு சொன்னன். அண்டையிலயிருந்து நல்லசாமி மண்டோரின்ர முகமே சரியில்லை."

நல்லசாமி வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர். ரப்பர்ப் பால் வெட்டுபவர்களை மேற்பார்க்கும் மண்டோர். அவருடைய முகம் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

குமாரசிங்கம் யோசித்தார். குளியலறைக்கு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். வேலிப் பக்கத்திலிருந்து எதையாவது உள்ளே எறிய வேண்டுமானால் அதுதான் வழி. அன்று மாலையே பலகை வைத்து ஆணி அடித்து அதை மூடினார்.

காற்று நின்றது. வெளிச்சமும் நின்றது. இரண்டே நாளில் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்தது. குளிக்கப் போன பூரணம் விளக்குப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

"பாத்தியளோ? ஜன்னலை அடைச்ச கோபத்தில வேலையைக் கூட்டிப்போட்டான்," என்றார் குமாரசிங்கம்.

மனிதர்கள் கைவிட்ட இடத்தில் தெய்வம் துணை நிற்கும் என்று அவர் நம்பினார். அது நல்ல நம்பிக்கைதான். பால் கொண்டுவந்த சின்னத்தாயிடம், "நாளையிலயிருந்து இன்னொரு போத்தல் கொண்டு வா. அபிஷேகத்துக்கு," என்றார்.

சின்னத்தாய் மாடு வைத்திருப்பவள். தினமும் பின்வேலி வழியாக வந்து பால் ஊற்றிவிட்டுப் போவாள். அவள் ஒரு முறை வீட்டின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு போத்தலா, ஐயா? ம்... மண்டோரு பாடு திண்டாட்டம்தான் லா," என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

குமாரசிங்கத்துக்குச் சுருக்கென்றது. "பூரணம், கேட்டனியே? இவளுக்கும் மண்டோருக்கும் கூட்டு!"

"அவள் பால் விக்கிறவள். அவளுக்கு என்ன கூட்டு?"

"பிள்ளையாருக்குப் பால் கூடினா அவனுக்கு ஏன் திண்டாட்டம்? செய்வினை பலிக்காது எண்ட பயம்!"

அடுத்து அவர் ரப்பர் ஆலைக்குப் போனார். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் கொஞ்சம் கேட்டு வாங்கிவந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறைத் தரையில் ஊற்றினார். புகை போலக் கிளம்பியது. கமலாதேவி இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். காளான்கள் கருகின. அவற்றோடு சீமெந்தும் பொரிந்து, தரை முழுக்கக் குழிகுழியாயிற்று. மறுநாள் ஒவ்வொரு குழியிலும் ஈரம் தேங்கி, அதிலிருந்து ஒவ்வொரு காளான் எட்டிப் பார்த்தது.

"முன்னம் சுவரோரமாத்தான் இருந்தது," என்றாள் பூரணம். "இப்ப நடு அறைக்கும் வந்திட்டுது. நான் எங்க நிண்டு குளிக்கிறது?"

அபிஷேகத்துக்குத் தேனும் இளநீரும் சேர்ந்தன.

பிறகு சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார். பூஞ்சணம் இரண்டு நாள் ஒளிந்திருந்து, வெள்ளைச் சுவரில் முன்னிலும் எடுப்பாகத் தெரிந்தது. அபிஷேகத்துக்கு வாழைப்பழமும் சர்க்கரையும் பிசைந்து பஞ்சாமிர்தம் சேர்ந்தது. பிள்ளையார் எல்லாவற்றையும் அமைதியாக வாங்கிக்கொண்டார்.

கடைசியாக ஒரு மாலை, அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டுபோய் வீட்டின் பின்பக்கம் முழுவதும் தூவினார். கள்ளன் யாராயிருந்தாலும் கால் பதியாமல் போக முடியாது. மறுநாள் பூசையை முடித்துவிட்டு, பூரணத்தையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். சாம்பலில் இரண்டு பேருடைய தடங்கள் இருந்தன. ஒன்று பெரிய ரப்பர்ச் சப்பாத்து. இன்னொன்று வெறுங்கால்.

"சப்பாத்து மண்டோரின்ரதான். தோட்டத்தில இவ்வளவு பெரிய கால் வேற ஆருக்கு?"

பூரணம் குனிந்து பார்த்தாள். "இந்த வெறுங்கால் உங்கட கால் போல எல்லோ கிடக்கு?"

"சாம்பல் தூவ வந்தனான்தானே! நான் மிதிக்காம பறந்தோ வாறது?"

"சாம்பல் தூவேக்க நீங்கள் செருப்புப் போட்டிருந்தனீங்கள்..."

"சும்மா குறுக்க பேசாதை. சப்பாத்தைப் பார்!"

சனிக்கிழமை அவர் விடியும் முன்னே எழுந்து பின்பக்கக் கொய்யாமரத்தின் மறைவில் நின்றார். பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு, ஆட்களை அழைக்கும் மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. வேலிப்படலை மெல்லத் திறந்தது. நல்லசாமி ரப்பர்ச் சப்பாத்தும் கையில் மண்வெட்டியுமாக வந்து, குளியலறைச் சுவரோரமாகக் குனிந்து வெட்டத் தொடங்கினார்.

"பிடிச்சன்!" என்று கத்திக்கொண்டு குமாரசிங்கம் பாய்ந்தார். கொய்யாக் கிளை தலையில் இடித்தது. அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. "என்ன புதைக்கிறாய் என்ர சுவரடியில? தகடா? தாயத்தா?"

நல்லசாமி திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஐயோ, அதெல்லாம் இல்லைங்க கிராணி ஐயா. சும்மா... மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டேன்."

"என்ர வீட்டு மண்ணை நீ ஏன் ஒதுக்குறாய்? என்ர பிள்ளையின்ர வாழ்க்கையில விளையாடாதை. இனி இந்தப் படலையைத் தாண்டினா நான் மனேஜரிட்டச் சொல்லிப்போடுவன்!"

நல்லசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூசையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குமாரசிங்கம் அவர் வெட்டிய இடத்தையெல்லாம் காலால் மண் தள்ளி மூடி, மிதித்து இறுக்கினார். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையாருக்கு என்றுமில்லாத அபிஷேகம். பால், தேன், இளநீர், பஞ்சாமிர்தம், சந்தனம் எல்லாம். பித்தளைச் சட்டி போதாமல் இரண்டு முறை போய் ஊற்றிவிட்டு வந்தார்.

பத்து மணிக்கு ரவாங்காரர்களின் கார் வந்து நின்றது. பையன், தகப்பன், உறவுக்காரர் சிலர். எல்லோருக்கும் முன்னால் அன்னபாக்கியம்.

"நல்ல காத்தோட்டமான வீடு," என்றார் உள்ளே நுழைந்ததும். "கால் கழுவோணும். குளியலறை எந்தப் பக்கம்?"

பூரணம் கணவனைப் பார்த்தாள். குமாரசிங்கம் பிள்ளையாரைப் பார்த்தார். அதற்குள் அன்னபாக்கியம் போய்விட்டார்.

போனவர் குளியலறை வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு வந்தார்.

"கிராணியார், உங்கட தோட்டத்தில ரப்பர் எண்டுதான் நான் கேள்விப்பட்டனான்," என்றார். "வீட்டுக்குள்ள இது வேற விளைச்சலா? கால் வைக்க இடமில்லை."

பையன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினான். கமலாதேவி கதவுக்குப் பின்னால் அழத் தயாரானாள்.

"அது எங்கட பிழை இல்லை!" என்றார் குமாரசிங்கம். "பக்கத்து வீட்டான் செய்யிற வேலை. நேற்று விடிய மண்வெட்டியோட கையும் களவுமாப் பிடிச்சனான்." ஒலிபெருக்கியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அன்னபாக்கியம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மழைக்காலத்தில காளான் எங்கட வீட்டிலயும் முளைக்கும். பிடுங்கி எறியலாம். அது ஒரு குறையோ? ஆனா அக்கம்பக்கத்தோட பகை எண்டா, அந்த வீட்டில சம்பந்தம் செய்ய எனக்குத் துணிவில்லை. நாளைக்கு என்னோடயும் இப்பிடித்தானே? அந்த மனுசனைக் கூப்பிடுங்கோ. ரெண்டு பக்கமும் கேட்டுப்போட்டுத்தான் தாம்பூலத்தைப் பற்றிப் பேசுவன்."

கூப்பிடப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வாசலில் நல்லசாமியே நின்றார், இரண்டு கைகளிலும் மடக்கு நாற்காலிகளோடு.

"விருந்தாளுங்க நிறைய வந்திருக்காங்கன்னு பிள்ளைங்க சொல்லிச்சுங்க. உங்க வீட்டுல நாற்காலி பத்தாதேன்னு கொண்டாந்தேன். படலையைத் தாண்டலைங்க ஐயா, ரோட்டைச் சுத்தித்தான் வந்தேன்."

அன்னபாக்கியம் அந்த நாற்காலிகளைப் பார்த்தார். குமாரசிங்கத்தைப் பார்த்தார். "வாங்கோ, எல்லாரும் அந்த இடத்தைப் போய்ப் பாப்பம்," என்றார்.

எல்லோரும் வீட்டின் பின்பக்கம் போனார்கள். குளியலறைச் சுவரடியில் மண் ஊறிப் போயிருந்தது. செம்பருத்தி இதழ் ஒன்று சேற்றில் ஒட்டிக்கிடந்தது. வாழைப்பழத் துண்டு ஒன்றை எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. விருந்துக்கென்று அன்று கூடுதல் பாலுக்குச் சொல்லியிருந்ததால், சின்னத்தாயும் தூக்குச்சட்டியோடு வேலியோரம் வந்து நின்றாள்.

"இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லு," என்றார் குமாரசிங்கம். "இஞ்ச எதுக்காகத் தோண்டினாய்?"

நல்லசாமி தரையைப் பார்த்தார். "விடுங்கய்யா. நல்ல காரியம் பேசற நாளு. தோண்டினது என் தப்புத்தான். அம்மா, நீங்க இதை மனசுல வைக்காதீங்க. கிராணி ஐயா தங்கமான மனுசன். பொண்ணும் அப்படித்தான்."

"பாத்தியளோ? ஒப்புக்கொண்டிட்டான்!" என்று குமாரசிங்கம் வெற்றியோடு சுற்றிப் பார்த்தார்.

சின்னத்தாய் தூக்குச்சட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"இதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருக்க என்னால முடியாது, மண்டோரே! தினமும் சாமி குளிச்ச பாலையும் தேனையும் ஐயாதான் கொண்டாந்து இந்தச் சுவத்தடியில ஊத்துறாரு. அது சுவத்துக்குள்ள ஊறி குளியலறையில காளான் முளைக்காம இருக்க நீங்க தினமும் வாய்க்கால் வெட்டிவிட்டீங்க. சொன்னா ஐயா பூசையை நிறுத்திப்புடுவாருன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டீங்க!"