சிக்னல் புகாத அறை

என் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்த அன்று வீட்டில் மூன்று பேருமே மகிழ்ந்தோம். அவள் வேலைக்காக மகிழ்ந்தாள். நானும் என் மனைவியும் அவளுடைய மாடி அறைக்காக மகிழ்ந்தோம்.

அந்த அறை எனக்கே என்று முடிவு செய்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதன் எடுக்கும் முடிவு லேசுப்பட்டதல்ல. அன்று காலை சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "நீ யார்? இத்தனை வருஷம் என்ன கிழித்தாய்?" என்று கேட்டேன். கண்ணாடியில் இருந்தவன் பதில் சொல்லவில்லை. அவன் வாயிலும் நுரை.

நான் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எந்தத் தெருவில் சிக்னல் இல்லை, எங்கே டவர் வைத்தால் கிடைக்கும் என்று அளந்து சொல்வது என் தொழில். என் புண்ணியத்தில் ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. என்னோடு பேசத்தான் ஆளில்லை. எனவே ஒரு புத்தகம் எழுதத் தீர்மானித்தேன். கம்பியே இல்லாமல் குரல் எப்படிப் பறக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி! பதிப்பாளர் ஒருவர் "எழுதிக் கொடுங்க, போட்டுடலாம்" என்றும் சொல்லிவிட்டார். ஓய்வு பெறுவதற்குள் என் பெயர் போட்ட ஒரு பொருள் இந்த உலகத்தில் இருக்க வேண்டும். மின்சாரக் கட்டண ரசீதில்கூட மனைவி பெயர்தான்.

"மாடி ரூம்ல உக்காந்து நான் புத்தகம் எழுதப்போறேன்," என்று அறிவித்தேன்.

"என்ன புத்தகம்?"

"செல்போன் எப்படி வேலை செய்யுதுன்னு."

"அதான் வேலை செய்யுதே. அப்புறம் எதுக்குப் புத்தகம்?"

"அடிப்படை தெரியணும்மா. அடிப்படை!"

"என்னங்க, அந்த ரூம் எனக்கு வேணும். சாப்பாட்டு மேஜையில உக்காந்து நான் வீடியோவுல கணக்கு கிளாஸ் எடுக்கறேன். பின்னாடி நீங்க பனியனோட போறீங்க, வர்றீங்க. நேத்து ஒருத்தன், 'மிஸ், அந்த அங்கிள் இதோட ஒன்பதாவது தடவையா ஃப்ரிட்ஜைத் திறக்கறாரு'ங்கறான். வருஷம் பூரா அவன் சரியா எண்ணுனது அது ஒண்ணுதான்."

பேச்சு அதோடு முடிந்தது. பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் இரண்டும் குழம்பிவிடும். அதனால் ஆளுக்கொரு அலைவரிசை பிரித்துக் கொடுப்போம். எங்கள் வீட்டில் அந்தச் சிரமம் இல்லை. இங்கே ஒரே டவர்.

சோர்ந்து போய் மாடிக்குப் போனேன். மகளுடைய காலி அறையில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. மின்னல் மாதிரி வந்தது! வீடியோ வகுப்புக்கு எது வேண்டும்? சிக்னல். சிக்னலுக்கு எது எதிரி? உலோகம். ரேடியோ அலை செங்கல்லைக்கூட முட்டி மோதித் தாண்டிவிடும். உலோகத் தகட்டைக் கண்டால் திரும்பிப் போய்விடும். ஆறு பக்கமும் அடைத்துவிட்டால் அந்த அறை செத்த அறை. செத்த அறை என்றால் என் அறை!

வாழ்நாளெல்லாம் சிக்னல் கொடுத்தவன் அதைக் கொல்லலாமா? மனசாட்சி கேட்டது. புத்தகம் வந்ததும் உனக்கே சமர்ப்பணம் செய்கிறேன் என்று அதன் வாயை அடைத்தேன்.

மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிய மறு நிமிடம் வேலையைத் தொடங்கினேன். துணைக்கு எதிர்வீட்டுப் பல் டாக்டர். சுவரெல்லாம் அலுமினியத் தாள், அதன்மேல் பூப்போட்ட காகிதம். தரையில் தாள், அதன்மேல் கம்பளம். மேலே தாள், அதன்மேல் வெள்ளை அட்டை. கதவுக்குத் தகரம். ஜன்னல் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் வெள்ளித்தாள்.

"சார், இந்த மூலையில பொடி ஓட்டை ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர், உதறலோடு. ஏணிமேல் நிற்கும்போது அவர் அப்படித்தான்.

"அது போதும் டாக்டர், அலை உள்ள வந்துடும். அடைங்க!"

"வாயைத் திறங்கன்னு சொல்லாம ஓட்டை அடைக்கறது இதுதான் முதல் தடவை."

அலுவலகத்துக் கருவியை வைத்துப் பார்த்தேன். முள் படுத்துவிட்டது! இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

மனைவி திரும்பி வந்து அறையைப் பார்த்தாள். "கல்யாணமானதுலேருந்து நீங்க ஒரு ஆணி அடிச்சதில்ல. ரூமையே ஜோடிச்சு வச்சிருக்கீங்களே!"

"எல்லாம் உன் கிளாஸுக்குத்தான்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் கீழே வந்தாள்.

"என்னங்க, பிள்ளைங்க எல்லாம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்னுட்டாங்க."

"உன் பாடம் அப்படி."

"படம் நின்னுடுச்சுங்க! சிக்னலே இல்ல. ஹால்ல இருக்கிற வைஃபையும் எட்டல."

"ஐயோ! டவருக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல அடுக்குமாடி இருக்கில்ல, அதோட நிழல்."

"போன வாரம் வரைக்கும் நம்ம பொண்ணு அங்கதான உக்காந்து விடிய விடியப் பேசிட்டிருந்தா?"

"அவ போனதும் டவரைத் திருப்பிட்டாங்க."

"அவளுக்காகத்தான் திருப்பி வச்சிருந்தாங்களா?"

நான் இருமினேன். அவள் ஏதோ நினைத்துக்கொண்டவள் போல, "ஆனா கதவுக்கு அடியில போனை வச்சா ஒரு கோடு எட்டிப் பாக்குது," என்றாள்.

அவள் சந்தைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த இடுக்கில் தகரப் பட்டை அடித்தேன். மாலையில் அவளே மறுபடி சோதித்துப் பார்த்தாள். கோடு இல்லை.

"சரி, எனக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான். நீங்களே எடுத்துக்கங்க," என்றாள்.

இவ்வளவு சுலபமாகவா? ஒரு கணம் சந்தேகம் வந்தது. வெற்றி பழக்கமில்லாதவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன்.

எழுதினேன் பாருங்கள்! பேனா ஓடியது, பறந்தது! ஊரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரிப்பதை எழுதினேன். வட்டாரத்துக்கு ஒரு டவர். நீங்கள் பேசிக்கொண்டே பஸ்ஸில் போனால் ஒரு டவர் உங்களை அடுத்த டவரின் கையில் அலுங்காமல் ஒப்படைக்கும் அழகை எழுதினேன். பிறகு இப்படி எழுதினேன்: 'டவர் கிடைக்காத போன் சும்மா இருப்பதில்லை. யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா என்று முழுப் பலத்தோடு கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் சீக்கிரம் ஓய்ந்துபோகிறது.' படித்துப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. இது போனைப் பற்றியா, என்னைப் பற்றியா?

முதல் அத்தியாயம் முடிந்த சனிக்கிழமை காலை, மாடிப்படியில் காலடிச் சத்தம். ஒன்றல்ல, ஒரு படை. கதவு திறந்தது. என் மனைவி, பின்னால் அவளுடைய மாணவர்களின் அம்மாக்கள்.

"இவர்தான் எங்க வீட்டுக்காரர். செல்போன் கம்பெனி. இவர் வாயாலயே கேட்டுக்கங்க," என்றாள் மனைவி. "என்னங்க, இந்த ரூம்ல சிக்னல் வருமா வராதா?"

"எதுக்குக் கேக்கற?"

"இந்த ரூம்ல பிள்ளைங்களை நேர்ல உக்கார வச்சுப் பாடம் எடுக்கலாம்னு இருக்கேன். இங்க வந்தா போனை நோண்ட முடியாதுன்னு சொல்றேன், இவங்க நம்ப மாட்டேங்கறாங்க."

"எங்க வீட்டுது பாத்ரூமுக்கே போனோடதான் சார் போகுது," என்றார் ஓர் அம்மா. "நிஜமாவே வராதா சார்?"

மூளை சுழன்றது. வராது என்றால் அறை நேர் வகுப்புக்குப் போய்விடும். வரும் என்றால் வீடியோ வகுப்புக்குப் போய்விடும். சிக்னல் இருந்தாலும் போச்சு. இல்லாவிட்டாலும் போச்சு. இருந்தும் இல்லாத மாதிரி ஒரு சிக்னலை விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எல்லா அம்மாக்களும் என் வாயையே பார்த்தார்கள். எனக்குள் இருந்த பொறியாளன் முந்திக்கொண்டான்.

"சுத்தமா வராதும்மா," என்றேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அடேங்கப்பா!" என்றார்கள். அங்கேயே இடம் பிடிக்கப் போட்டி. அவர்கள் இறங்கிப் போனதும் மனைவியைப் பார்த்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தங்கச்சி வீட்டுல இருந்தப்பவே. டாக்டர் சம்சாரம் போன் பண்ணி, 'நம்ம ரெண்டு பேர் வீட்டுக்காரரும் மாடி முழுக்க வெள்ளித்தாள் ஒட்டறாங்க, ராக்கெட் ஏதும் விடப்போறாங்களா'ன்னு கேட்டாங்க."

"அப்பவே தடுத்திருக்கலாமே!"

"தடுக்கறதா? வீடியோவுல எடுத்தா கேமராவை அணைச்சுட்டு கேம் ஆடுதுங்க. நேர்ல எடுத்தா மேஜைக்கு அடியில ஆடுதுங்க. இப்படி ஒரு ரூம் கிடைக்காதான்னு நான் தவிச்சிட்டிருந்தேன். நீங்க மேல் பக்கத்தையும் ஒட்டி முடிக்கட்டும்னுதான் இன்னொரு நாள் கூடத் தங்கிட்டு வந்தேன்."

"அந்தக் கதவு இடுக்கு?"

"சொல்லலைன்னா நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்களே."

"அப்போ என் புத்தகம்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. மேஜைமேல் கிடந்த முதல் அத்தியாயத்தை எடுத்துப் புரட்டினாள். 'யாராவது இருக்கிறீர்களா' என்ற வரியில் நின்றாள் என்று நினைக்கிறேன்.

"நல்லாத்தான் எழுதறீங்க," என்றாள். "நிறுத்த வேணாம். கடைசி பெஞ்ச்ல ஒரு இடம் போட்டுத் தர்றேன்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்துதான் இரண்டாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால் கை தூக்கிக் கேட்க வேண்டும்.