சுருள்முனைக் கம்பியும் மயங்காத குடிகளும்

கைதூக்கிபுரம் என்றொரு ராஜ்யம் இருந்தது. மன்னர் எட்டாம் நெடுங்கையரின் பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி "வாழ்க!" என்று சொல்ல வேண்டும் என்பது அந்த நாட்டின் தலையாய சட்டம். குளிக்கிறவனும் தூக்குவான், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவளும் தூக்குவாள். அதனால் அங்கே பிள்ளைகள் பேசுவதற்கு முன்பே இறுக்கிப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டன.

அந்த ஊர்த் தண்ணீரோ காற்றோ, நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு இதயம் நினைத்தால் துடிக்கும், நினைக்காவிட்டால் சும்மா இருந்துவிடும். அதற்கு வழி கண்டவர் அரண்மனைத் தலைமை வைத்தியர் ஆலாலசுந்தரம். தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மின்பெட்டி. அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் இறங்கும் ஒரு நேர்க்கம்பி. இதயம் சுணங்கினால் கம்பியின் முனை ஒரு தட்டு தட்டும். நாட்டின் முதல் காப்புரிமை அந்தக் கம்பிக்குத்தான்.

சின்னக் குறை ஒன்று இருந்தது. கையைத் தூக்கினால் கம்பி நழுவும், ஆள் மயங்கி விழுவார். சிலர் எழுந்தார்கள். எழாதவர்கள் யாரும் வந்து புகார் சொல்லவில்லை.

அரசிதழ் இதை வேறு மாதிரி எழுதியது. மாதந்தோறும் "மன்னர்மீதுள்ள அன்பு மிகுதியால் மயங்கியோர்" என்று பட்டியல் வந்தது. "இத்தனை பேர் விழுகிறார்கள், அப்புறம் ஓட்டு எதற்கு?" என்று கேட்டு மன்னர் தேர்தலை நிறுத்திவிட்டார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வீணைக்குத் தந்தி இழுக்கும் செங்கமலம் குறுக்கே வந்தாள். கம்பியின் முனையை இரண்டரைச் சுற்று சுருட்டினாள். உள்ளே விட்டுத் திருகினால் அது இதயச் சுவரைப் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கினாலும் நழுவவில்லை, தொங்கினாலும் நழுவவில்லை. ஊரிலிருந்த ரண வைத்தியர்கள் வரிசையில் நின்று வாங்கிப்போனார்கள்.

ஆலாலசுந்தரமும் ஆள் அனுப்பி ஒன்று வாங்கினார். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரண்டரைச் சுற்று, அவ்வளவுதான். முப்பது வருஷமாக அவர் கம்பியை மெலிதாக்கியிருக்கிறார், தடிமனாக்கியிருக்கிறார், தங்கமுலாம் பூசியிருக்கிறார், அதற்குப் பூஜைகூடச் செய்திருக்கிறார். சுருட்ட மட்டும் தோன்றவில்லை. அன்று குழம்பில் உப்பில்லை என்றார், கொஞ்ச நேரம் கழித்து அதிகம் என்றார். தட்டில் வைத்த முறுக்கைப் பார்த்ததும் எழுந்தே போய்விட்டார்.

செங்கமலம் காப்புரிமை கேட்டு மனுப் போட்டாள். காப்புரிமை அமைச்சர் மகுடேசுவரர் சபையைக் கூட்டித் தொண்டையைச் செருமினார்.

"சட்டம் மூன்று கேள்விகள் கேட்கிறது. பொருள் புதியதா? தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததா? நாட்டுக்குப் பயனுள்ளதா? தலைமை வைத்தியர் கருத்துரைக்கலாம்."

"புதியதல்ல," என்றார் ஆலாலசுந்தரம். "பாகற்கொடி நெடுங்காலமாக இதைத்தான் செய்துவருகிறது. கொடி மன்னரின் மண்ணில் வளர்கிறது, ஆகவே சுருள் மன்னருடையது. இரண்டாவது, இது எந்த மடையனுக்கும் தோன்றும்."

"அப்போ வைத்தியரய்யாவுக்கு ஏன் முப்பது வருஷமாத் தோணலை?" என்றாள் செங்கமலம்.

சபையில் யாரோ சிரித்து, அவசரமாக அதை இருமலாக்கினார்.

"தோன்றியது. தகுதியில்லை என்று ஒதுக்கினேன்."

"எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"மனத்தில் எழுதினேன்."

"மனக் குறிப்பு, சான்றாக ஏற்கப்பட்டது," என்று எழுத்தர் பதிந்துகொண்டார்.

மூன்றாவது கேள்விக்கு அமைச்சரே பதில் சொன்னார். "மாதம் ஆயிரம் பேர் மயங்கிய நாட்டில் சென்ற மாதம் நாற்பது பேர். இப்பொருள் குடிகளின் அன்பை அறுக்கிறது. காப்புரிமை மறுக்கப்படுகிறது. சுருள் அரசுடைமை."

ஆலாலசுந்தரத்துக்கு நெஞ்சு குளிரும் என்று பார்த்தால், குளிரவில்லை. அவளுக்குக் கிடைக்கவில்லைதான். ஆனால் தோன்றியது அவளுக்கல்லவா?

மறுநாளே ஆணைகள் வந்தன. வளைவுகள் எல்லாம் மன்னருடையவை என்பதால் முறுக்கை நேராகப் பிழிந்தார்கள், மீசையை நிமிர்த்தினார்கள். குளத்தைச் சுற்றிப் போன சாலை குளத்துக்குள் நேராகப் போனது. இரண்டு மாட்டுவண்டிகளும் போயின. அடுத்த ஆணை, சுருள்முனைக் கம்பி வைத்திருப்பவர்கள் அதைப் பிடுங்கிவிட்டு நேர்க்கம்பி பொருத்திக்கொள்ள வேண்டும் என்றது. ஒவ்வொருவர் நெஞ்சையும் திறந்து பார்க்க முடியாது என்பதால், மன்னர் பெயர் கேட்டு மயங்காதவர் குற்றவாளி என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து கம்பியே இல்லாத வாலிபர்களும் தொப்பென்று விழுந்தார்கள்.

ஒருநாள் ஆலாலசுந்தரம் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி குஞ்சிதம் இரண்டு கைகளையும் உயர்த்திப் பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சில் அவரே பொருத்திய நேர்க்கம்பி. அதற்காகவே ஆறு வருஷமாக அந்த வீட்டில் எல்லாச் சாமானும் இடுப்புக்குக் கீழேதான் இருந்துவந்தன.

"அடியே, கையைத் தூக்கியிருக்கே!"

"ஆமா."

"மயங்கலையே?"

"மயங்கினா ஜாடி உடைஞ்சிடுமே."

அவருக்குப் புரிந்துவிட்டது. "எப்போலேருந்து?"

"ஆடியிலிருந்து."

"என்னை எடுத்துப்போட்டுட்டு அவளை வச்சுக்கிட்டியா? ஆறு வருஷம் உன் நெஞ்சுக்குள்ளே இருந்தது நான்டி!"

"நீங்க மூணு தடவை நழுவிட்டீங்க," என்றாள் குஞ்சிதம், ஜாடியைத் துடைத்துக்கொண்டே. "அதை விடுங்க. ராஜாவுக்கும் உங்க கம்பிதானே? இதுவரைக்கும் அவர் கையைத் தூக்கினதில்லை, பிழைச்சார். வெள்ளிவிழாவில ஜனங்களைப் பார்த்து ரெண்டு கையையும் தூக்கப் போறாராம். அதுக்குள்ளே மாத்திடுங்க."

"ஊரே அவ பக்கம் போயிடுச்சு, நீயும் போயிட்டே. மிச்சம் இருக்கிறது ராஜாவோட நெஞ்சு ஒண்ணு. அதையும் அவகிட்டே கொடுக்கவா?"

"ராஜா பிழைக்கணுமா, அவ தோக்கணுமா? ரெண்டிலே எது வேணும் உங்களுக்கு?"

அவர் மோர் கேட்டார்.

வெள்ளிவிழா வந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். "எட்டாம் நெடுங்கையர்!" என்று அறிவித்ததும் இரண்டு லட்சம் கைகள் உயர்ந்தன, லட்சம் பேரும் விழுந்தார்கள். மன்னர் மணியடிக்கும்வரை எழக்கூடாது என்பது விழா விதி, மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும் விழுவதிலிருந்து விலக்கு. முன்வரிசையில் செங்கமலம் கிடந்தாள். அவளை ஒட்டி, தோள் உரசக் குஞ்சிதம் கிடந்தாள். மேடையில் ஆலாலசுந்தரத்துக்கு நேர்க்கம்பியின் மகத்தான வெற்றிக்காகப் பதக்கம் சூட்டினார்கள். கீழே கிடந்த நெஞ்சுகளில் ஒன்றிலாவது தன் கம்பி இருக்காதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயுளில் முதல்முறையாக இரண்டு கைகளையும் உயர்த்தினார். "என் மக்களே!" என்றார். விழுந்தார்.

செங்கமலம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "வைத்தியரய்யா, கம்பி நழுவிடுச்சு. என் மடியில ஒண்ணு இருக்கு. நீங்க கூப்பிட்டா வர்றேன்."

குஞ்சிதமும் ஒரு கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள்.

"வைத்தியரே, மன்னருக்கு என்ன?" என்று பதறினார் மகுடேசுவரர்.

ஆலாலசுந்தரம் குனிந்து நாடியைப் பார்த்தார். நிமிர்ந்து செங்கமலத்தைப் பார்த்தார். பதக்கத்தை நேராக்கிக்கொண்டார்.

"அன்பு மிகுதி," என்றார்.

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

மணியடிக்க ஆளில்லாததால் குடிகள் பொழுது சாயும்வரை கிடந்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். ஆணைகள் முன்போலவே மன்னர் பெயரில் வெளிவந்துகொண்டிருக்கின்றன. பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். மறு வருஷம் தைரியமாகத் தேர்தலும் வைத்தார்கள். மன்னர் படுத்தபடியே ஜெயித்தார்.