முந்நூறு பெட்டி மாங்காயும் ஒரு முன்னுரையும்

எனக்கு ஒரு நல்ல யோசனை வருகிறது என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் நாலடி தள்ளி நிற்பது நல்லது. இதை இப்போது நானே ஒப்புக்கொள்கிறேன். போன மாங்காய் சீசன் வரைக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்த யோசனை என்னைப் பிடித்த இடம், பொள்ளாச்சிக்கு அப்பால் கேரள எல்லையில் இருக்கும் முதலமடையில் என் மாமாவின் மாங்காய் ஷெட். கோயம்புத்தூரில் உயிர்வேதியியல் எம்.எஸ்ஸி. கடைசி வருடம், லீவுக்கு வந்திருந்தேன். கையில் உப்பும் மிளகாயும் தொட்ட கிளிமூக்கு மாங்காய்த் துண்டு. டெம்போவிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் ஒரு சீட்டு: எந்தத் தோப்பு, என்றைக்குப் பறித்தது. வாசல் குறுகல், ஒவ்வொரு பெட்டியாகத்தான் நுழைய முடியும். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்து வைக்கோலில் அடுக்கினார்கள். அவர்களில் மூத்தவரான மல்லிகாக்கா, அழுகலைக் கண்ணால் பார்க்காமலேயே முதுகுக்குப் பின்னால் இருந்த கூடைக்குள் எறிந்தார். ஒன்றுகூடக் குறி தப்பவில்லை.

மாங்காய்த் துண்டு என் வாயிலேயே நின்றுவிட்டது. "மைட்டோகாண்ட்ரியா!" என்று கத்தினேன்.

"யாருங்கம்மிணி, டெல்லி ஏவாரியா?" என்றார் மல்லிகாக்கா.

விஷயம் இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னச் சின்ன ஷெட்டுகள் இருக்கின்றன. நாம் ஓட, பேச, சண்டை போடத் தேவையான சக்தியைத் தயாரிப்பது அவைதான். அந்த வேலைக்குப் புரதங்கள் வேண்டும். பதின்மூன்றே பதின்மூன்றை மட்டும் ஷெட் தன் சொந்த அடுப்பில் சமைத்துக்கொள்கிறது. மீதி நூற்றுக்கணக்கானவை வெளியே தயாராகி, பெரும்பாலும் நெற்றியில் விலாசச் சீட்டோடு வந்து, குறுகலான வாசல் வழியாக நூல் மாதிரி நுழைகின்றன. நுழைந்ததும் சீட்டைக் கத்தரித்துவிடுவார்கள். உள்ளே மடித்துச் சரியாக அடுக்க ஆள் உண்டு. கெட்டுப்போனதை நறுக்கி எறிய மல்லிகாக்கா உண்டு. (புத்தகத்தில் அவருக்கு வேறு பெயர்.) இதில் எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் சீக்குதான். தசை தளரும், பார்வை மங்கும், காது போகும்.

காது என்ற இடத்தில்தான் இது எங்கள் வீட்டுக் கதையானது.

என் அம்மாவுக்குப் பத்தொன்பது வயதில் காது மந்தமானது. இப்போது காதுக்குப் பின்னால் ஒரு கருவி மாட்டியிருக்கிறார். அம்மாவின் அக்காவான பெரியம்மாவுக்கும் அதே கதை. திருவிழாவில் வெடிக்கட்டு என்று விடிய விடிய வெடிக்கும் வாணவேடிக்கை காதைப் பறித்துக்கொண்டது என்பது எங்கள் வீட்டின் முடிவு. ஆனால் வகுப்பில் வேறொன்று படித்தேன். மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த அடுப்பு, பாக்டீரியாவின் அடுப்பைப் போலவே இருக்கும். சில பேருக்கு அந்த அடுப்பின் மரபணுக் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து பிசகியிருக்கும். அவர்களுக்குக் குறிப்பிட்ட ஒருவகைக் கிருமிக்கொல்லி ஊசி போட்டால், கிருமியின் அடுப்போடு சேர்த்துக் காதுக்குள் இருக்கும் இந்த அடுப்பையும் அணைத்துவிடும். இந்தப் பிசகு அம்மா வழியாக மட்டுமே வரும். ஆக, இருந்தால் அம்மாவுக்கு உண்டு, எனக்கு உண்டு, அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் உண்டு.

மாமாவுக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். சீசன் முடிந்ததும் அட்மிட் ஆகி ஊசி போடவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன ஊசி என்று கேளுங்கள், காது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று நான் கெஞ்சாத நாளில்லை.

"காலுப் புண்ணுக்கும் காதுக்கும் என்னம்மிணி சம்பந்தம்? போயி சோத்தத் தின்னு" என்பார். மாங்காய் அல்லாத எதையும் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

சரி, மாங்காயிலேயே சொல்லிவிடுவோம்!

ஷெட்டில் ஒரு நேரடி விளக்கம். பத்துக் காலிப் பெட்டி. ஒவ்வொன்றும் வாசலில் நுழையும், சீட்டைக் கிழிப்போம், மாமா பார்ப்பார், புரியும், டாக்டரிடம் சொல்லுவார். என் திட்டத்தில் ஓட்டையே இல்லை. (திட்டம் போட்டவளைத் தவிர.)

நாள் குறித்தேன். அது மாமா பங்காளியிடமிருந்து பிரிந்து, தன் பெயரில் டெல்லிக்கு முதல் லாரி அனுப்பும் நாள் என்பது எனக்குத் தெரியும். கூட்டம் இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

வாசலில் சுனிலை நிறுத்தினேன். ஜார்க்கண்டிலிருந்து வந்து மூன்று வருடத்தில் மாமாவைவிடச் சுத்தமாகக் கொங்குத் தமிழ் பேசும் சுமைகாரர். "உள்ள வர்ற ஒவ்வொரு பெட்டியிலயும் சீட்டைக் கிழிச்சுக் கூடையில போடணும். ஒண்ணு விட்டாலும் சீக்கு" என்றேன், எம்.எஸ்ஸி. குரலில்.

"செரீங்க" என்றார் சுனில்.

'பத்துப் பெட்டிக்கு மட்டும்' என்று சொல்லவில்லை. அதைப் போய் யாராவது தனியாகச் சொல்லுவார்களா?

மாமாவைக் கூட்டிவர எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். போனவள் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் நல்ல விளக்கத்துக்கு முன்னுரை வேண்டும் அல்லவா! இருநூறு கோடி வருடங்களுக்கு முன்பு, மைட்டோகாண்ட்ரியா தனியாகத் திரிந்த ஒரு பாக்டீரியாவாக இருந்த காலத்திலிருந்து ஆரம்பித்தேன். அதை இன்னொரு செல் விழுங்கியது; விழுங்கியது செரிக்கவில்லை; இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்தின. மாமா மூன்று டீ குடித்தார். இது தாய் வழியாக மட்டுமே வரும் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

"அப்ப என்ற பையனுக்கு நான் ஒண்ணுமே குடுக்கலியா?"

"கோபத்தைக் குடுத்திருக்கீங்க மாமா."

கடைக்காரர் சிரித்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, இன்னும் ஐம்பது கோடி வருடத்தை விரித்துச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மூன்று தோப்பு டெம்போவும் வந்து, முந்நூறு பெட்டியும் இறங்கி, வாசல் வழியாக உள்ளே போயிருந்தன.

நாங்கள் போனபோது சுனில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். காலடியில் கூடை நிறைய கிழிந்த சீட்டு.

"ஒண்ணுகூட உடலீங்க" என்றார் பெருமையாக.

மாமா கூடையைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாமே பங்கனப்பள்ளி, எல்லாமே ஒரே பெட்டி. ஆனால் ஒரு தோப்பின் காய் அன்று பறித்தது, டெல்லி வரை மூன்று நாள் தாங்கும். இன்னொன்று இரண்டு நாள் பழசு, கோயம்புத்தூர் மார்க்கெட்டுக்கு. மூன்றாவது பழுக்கும் பதத்தில் இருந்தது, ஜூஸ் கம்பெனிக்கு. பழுக்கிற பெட்டி நாலு டெல்லி லாரிக்குள் ஏறினால் போதும், நாக்பூர் தாண்டுவதற்குள் லாரி முழுக்கப் பழுத்து ஒழுகும். மாமாவின் பெயரும் அதோடு ஒழுகும்.

"ஏனம்மிணி, உன்ற படிப்புக்கு என்ற ஷெட்டுதான் கெடச்சுதா? நான் செத்தப்பறம் அறுத்துப் படிக்கோணும்னாலும் படிச்சிருக்கலாமே! உசுரோட இருக்கையிலயே..."

அதற்கு மேல் அவர் சொன்னது அச்சுக்கு ஆகாது. சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டிலிருந்து அம்மா வந்தார். தம்பியின் வாய் திறந்திருக்கும் அளவைப் பார்த்தார். நிதானமாகக் காதுக் கருவியை அணைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

நான் கூடையில் கையை விட்டுச் சீட்டுத் துண்டுகளை ஒட்டவைக்க முயன்றேன். (எந்தச் சீட்டு எந்தப் பெட்டிக்கு என்று சீட்டுக்கே தெரியாது என்பது ஆறாவது சீட்டில் உறைத்தது.) லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னத்துக்கு இந்த ஒப்பாரி?" என்றார் மல்லிகாக்கா. ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு காயை எடுத்துத் திருப்பினார். "காம்பு வெரல் நீளம் உட்டிருக்குது பாருங்க. இது தெக்குத் தோப்பு ஆளுங்க பறிச்சது. அவுங்கதான் இப்புடி வெட்டுவாங்க." இன்னொன்று. "இதுல பால் வழிஞ்சு கறை. ஒட்ட ஒடிச்சிருக்காங்க, குளத்தங்கரைத் தோப்பு." மூன்றாவதை ஊதினார், தூசி பறந்தது. "இது குவாரி ரோட்டுக்காரருது. சீட்டு எதுக்குங்க? காயே சொல்லுது."

நான் வாயைப் பிளந்தேன். சில புரதங்களுக்கு நெற்றியில் சீட்டே கிடையாது, விலாசம் அதன் உடம்புக்குள்ளேயே எழுதியிருக்கும். பாடத்தில் அது அடுத்த அத்தியாயம். நான் படிக்காமல் தள்ளிய அத்தியாயம்.

எட்டுப் பெண்கள், மாமா, அம்மா, சுனில், நான். முந்நூறு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். மாமா கவிழ்த்துப்போட்ட ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து புதுச் சீட்டு எழுதினார், நான் ஒட்டினேன். புண்காலோடு அவர் சட்டென்று எழுந்து போக முடியாது என்பதை இருபதாவது பெட்டியில் கவனித்தேன். மெதுவாக ஆரம்பித்தேன். இந்தத் தடவை முன்னுரை இல்லை.

"பெரியம்மாவுக்குக் காது போனது எப்போங்க மாமா?"

"அதான் வெடிக்கட்டுல..." என்றவர் எழுதுவதை நிறுத்தினார். "இல்ல. அந்த வருசம் திருவிழா முடிஞ்சு பெரியக்கா காச்சல்ல ஆசுபத்திரியில கெடந்தா. பத்து நாளு ஊசி."

"அம்மாவுக்கு?"

அம்மா எப்போது கருவியைப் போட்டாரோ தெரியவில்லை. "எனக்கும் பத்தொம்பது வயசுல ஆசுபத்திரியில போட்ட ஊசிக்குப் பொறகுதான் காதுக்குள்ள வண்டு ரீங்காரம் போட ஆரம்பிச்சுது" என்றார்.

மாமா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "அதே வெடிக்கட்ட இவளுக பக்கத்துல நின்னுதான் நானும் பாத்தேன். என்ற காது நல்லாத்தானே இருக்குது." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "எனக்கு அந்த ஊசி போட்டதில்ல."

நான் பேசவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் பேசாமல் இருந்து பயன் பெற்றது அந்த ஒரு நிமிடம்தான்.

லாரி நாலு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாம், இவ்வளவு சுத்தமாகப் பிரித்த பெட்டி இதுவரை வந்ததில்லை என்று டெல்லிக்காரர் போனில் சொன்னாராம். இதை மாமா என்னிடம் சொல்லவில்லை, மல்லிகாக்கா சொல்லித்தான் தெரியும்.

சீசன் முடிந்து மாமா ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருடைய ஃபைலின் நெற்றியில் மாங்காய்ப் பெட்டிச் சீட்டு ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. 'தோப்பு' என்ற இடத்தில் தன் பெயர். 'பறித்த நாள்' என்ற இடத்தில் பிறந்த வருடம். அடியில், அவருடைய கோணல் எழுத்தில்: 'அக்கா ரெண்டு பேருக்கும் ஊசியில காது போச்சு. கேட்டுப்போட்டு ஊசி போடவும்.' டாக்டர் இரண்டு தடவை படித்தார், சிரித்தார், பிறகு சிரிக்காமல் எங்களைக் கேள்வி கேட்டார், மருந்தை மாற்றினார். புண் ஆறியது. காது இன்றைக்கும் ஊர்ப் பேச்சு பூராவையும் கேட்கிறது.

அந்தச் சீட்டைத் தொடக்கூட எனக்கு அனுமதியில்லை. எந்த விசேஷத்துக்கு நான் போனாலும், "அம்மிணி வந்துட்டா, மொய்க் கவரையெல்லாம் ஒளிச்சு வைங்க, பேரக் கிழிச்சுப்போடுவா" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

இதுவரைக்கும் எல்லாம் சந்தேகம்தான்; அந்த எழுத்து உண்மையிலேயே பிசகியிருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அடுத்த வாரம் கோயம்புத்தூர் போகிறோம்: அம்மா, பெரியம்மா, மாமா, நான். நாலு பேர், நாலு டியூப். மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: "டியூப்புல சீட்டு ஒட்டற வரைக்கும் நீ வெளிய நிக்கோணும்."

ஒப்புக்கொண்டேன். முதலமடையிலிருந்து பொள்ளாச்சி வழியாகக் காரில் ஒன்றரை மணி நேரம். ஓடுகிற காரிலிருந்து யாரும் இறங்க முடியாது. முன்னுரையை அதற்குத் தக்க நீளத்தில் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.