கரடுமுரடாக ஒரு முதல் ஆல்பம்

இன்னும்-ஒரு-தடவைக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. ஆரம்பிக்கச் சொன்னால் புலியாகப் பாய்வார். முடிக்கச் சொன்னால்தான் காய்ச்சல் வந்துவிடும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கே போய்விடப் போகிறார்?

நான் சொல்லும் ஆசாமி ஒரு ராக் பேண்டின் தலைவர், கிடார்க்காரர். டிரம்ஸ் அடிப்பது அவர் தங்கை புருஷன். பகலில் வெல்டிங் பட்டறை. பாடுகிறவன் இருவருக்கும் கூட்டாளி. ஆல்டர்நேட்டிவ் ராக் என்பார்கள். மெருகு, மினுக்கு எதுவும் கிடையாது. மனதில் பட்டதைக் கரடுமுரடாகக் கொட்டுவது. அந்தக் கரடுமுரடு வேண்டித்தான் தலைவர் முதல் ஆல்பத்தை வருஷக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் பாடியதுபோல் இருக்கவேண்டும் என்று ஒரே வரியை மதியம் முழுக்கப் பாடவைப்பார், தொண்டை கட்டினால் இப்போதுதான் சரி என்பார், கிடார் இரைச்சலை வழித்தெடுத்துவிட்டு உயிரில்லையே என்று வேறொரு இரைச்சலைப் பிடித்து ஒட்டுவார். பிறகு? மறுபடி முதலிலிருந்து.

இதற்கு நடுவில் பாடகனுக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. ஏறினால் எப்போது திரும்புவானோ. போவதற்குள் ஆல்பம் வெளியே வரட்டும், அங்கே நாலு பேருக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று கேட்டான். தலைவர் தலையாட்டினார். ஆட்டிவிட்டு மூன்றாவது பாட்டைப் பிரித்துப் போட்டார்.

வெல்டருக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், ஒரு இரும்பு கேட்டை நான் இப்படித் தேய்ச்சா கேட்டே மிஞ்சாது."

"இது கேட்டு இல்ல மாப்ள."

கூட்டாளி கிளம்புவதற்கு முந்தின நாள் தலைவர் டீ குடிக்கப் போனார். அந்த இடைவெளியில் வெல்டர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மொத்தப் பாட்டையும் இணையத்தில் ஏற்றிவிட்டான். பிரித்துப் போட்ட மூன்றாவது பாட்டில் அவன் டிரம்ஸைத் தலைவர் இன்னும் திரும்பச் சேர்த்திருக்கவில்லை. போகட்டும் என்று விட்டான்.

தலைவர் அவனோடு பேச்சை நிறுத்தினார். கப்பலிலிருந்து போன் வரும்வரைக்கும்தான். அங்கே எல்லாரும் மூன்றாவது பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். டிரம்ஸ் இல்லாமல் குரல் தனியாக நிற்பது நெஞ்சைப் பிடிக்கிறதாம்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா மாப்ள? மத்த பாட்டுலயும் டிரம்ஸை எடுத்துப் பாப்போம். ஒரே ஒரு தடவை."

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்கள் முடித்துக்கொண்டே இருக்கிற காரியம் எந்த மட்டில் இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. டீ குடிக்கப் போகும்போது மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மாப்பிள்ளை இருப்பார்.