தலைமுடித் தைலமும் 0.05-உம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கெல்லாம் மேலானது 0.05 என்ற எண். எங்கள் தைலக் கம்பெனியின் விளம்பர அதிகாரி என்ற முறையில் இதை மிகுந்த பணிவுடன் அறிவிக்கிறேன்.

விஷயம் எளிது. முடி வளர்கிறதா என்று பார்க்கச் சிலருக்குத் தைலம் கொடுத்துத் தேய்க்கச் சொல்கிறோம். வேறு சிலருக்கு வெறும் எண்ணெய். தைலத்தில் ஒரு மண்ணும் இல்லாவிட்டாலும், குருட்டு அதிர்ஷ்டத்தால் இவ்வளவு வித்தியாசமோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு எவ்வளவு? அதுதான் 'பி-மதிப்பு'. அது 0.05-க்குக் கீழே வந்தால் முடிவு 'குறிப்பிடத்தக்கது'. மேலே போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

எங்களுக்கு 0.31 வந்தது.

இயக்குநர் அசரவில்லை. கணக்குப் போட்ட புள்ளியியல் அம்மாவைக் கூப்பிட்டார்.

"முடி வளராத ஆளுங்க சரியா தேய்ச்சிருக்க மாட்டாங்களே?"

"எல்லாரும் தேய்ச்சாங்க சார்."

"மனசாரத் தேய்ச்சாங்களா?"

மனசாரத் தேய்க்காதவர்கள் நீக்கப்பட்டார்கள். பிறகு தொப்பி போடுகிறவர்கள். பிறகு எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவர்கள். 0.049 வந்ததும் இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார், நாங்களும் நின்றோம். உண்மை கிடைத்துவிட்டதால் தேடலை அத்துடன் நிறுத்தினோம்.

புள்ளியியல் அம்மாதான் இழுத்தார். "சார், தைலம் தேய்ச்ச சிலருக்கு இருந்த முடியும் கொட்டியிருக்கு. அதுக்கு பி-மதிப்பு 0.051."

"கோட்டுக்கு மேலயா, கீழயா?"

"மயிரிழை மேல சார்."

"அப்ப கொட்டல."

"இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்துப் பார்க்கலாமே..."

"என்னம்மா பேசறீங்க? வந்த கணக்கை மாத்தறதா? நேர்மைன்னு ஒண்ணு இருக்கு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடி 'கொட்டாத' அந்தச் சிலரில் என் மச்சினனும் ஒருவன். இலவசத் தைலமாயிற்றே என்று நான்தான் சேர்த்துவிட்டேன். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். நடுமண்டையில் முகம் பார்க்கலாம். என் மனைவி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

"மாமா, இது திரும்ப முளைக்குமா?" என்று அவன் அழுதபோது எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. ஆனாலும் விஞ்ஞானத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? "மாப்ளே, உனக்குக் கொட்டவே இல்லடா" என்றேன்.

மறுநாள் அவனுக்கு நிச்சயித்த பெண் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். இயக்குநர் தம் அடர்ந்த சுருட்டை முடியைக் கோதியபடி வரவேற்றார்.

"புள்ளியியல்படி மாப்பிள்ளைக்கு முடி கொட்டலம்மா."

"முளைக்கும்கிறது மட்டும் நிச்சயமா சார்?"

"நிரூபிச்சாச்சு!"

"ரொம்ப சந்தோஷம்." அவள் மேசை மேலிருந்த தைலப் புட்டியைத் திறந்து, உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொண்டு அவரை நெருங்கினாள். "கொஞ்சம் குனியுங்க சார், தேய்ச்சு விடறேன்."

இயக்குநர் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினார்.

எங்கள் கம்பெனியில் இதுவரை ஒழுங்காக நடந்த பரிசோதனை அது ஒன்றுதான்.