கை வைக்காதே என்று சொன்ன கை

சுருட்டைமுடிக்காரர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவர்கள்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அவர்கள் பாட்டுக்குத் தலையைச் சீவிக்கொண்டோ சீவாமலோ வேலைக்குப் போய் வருகிறார்கள். சொல்ல வந்தது சுருட்டைமுடி உபதேசியைப் பற்றி. அது தனி வகை. எல்லாருக்கும் முடி மண்டைக்கு வெளியேதான் முளைக்கிறது. உபதேசிக்கு உள்பக்கமும் முளைத்திருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். "நல்லா இருக்கியா" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்களாக இருந்தால் முழங்கால் வலியைச் சொல்வார்கள், மருமகளைச் சொல்வார்கள். இவள் இன்றைக்குக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்வாள். சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். நெற்றிக்கு மேலே, வகிட்டுக்குப் பக்கத்தில், ஏதோ ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில், "தப்பா நெனச்சுக்காதே, நீ தலைக்கு என்ன போடுற?" என்று வந்துவிடும். தப்பாக நினைக்காமல் இதை வேறு எப்படி நினைப்பது?

எங்கள் மேக்கன் ஊரில் இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியாவின் ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் காளான் முளைக்கும், உபதேசியும் முளைப்பாள். ஆனாலும் டெல்ஃபின் அளவுக்கு முற்றியவள் வேறு யாரும் இல்லை. இருக்கிறாள் என்று நீங்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

டெல்ஃபின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நல்லவள். கோழி பொரித்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு போகாமல் தான் வாயில் வைக்க மாட்டாள். அவளுடைய அம்மா ஜெனீவா, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் இரும்புச் சீப்பை அடுப்பில் காயவைத்து மகளின் முடியை இழுத்து நீட்டி, போகிற போக்கில் காதையும் கொஞ்சம் சுட்டு வளர்த்தவள். போன வருஷம் டெல்ஃபின் அந்த நீட்டிய முடியையெல்லாம் ஒட்ட வெட்டி எறிந்துவிட்டு, தன்னுடைய சொந்தச் சுருளையே வளரவிட்டாள். நல்ல காரியம். பார்க்கவும் அழகாக இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

சனிக்கிழமை அவள் வீட்டில் தலை அலசும் நாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் பிறக்கக்கூடாது, சாகக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது. விடிந்ததும் எண்ணெய் வைத்து, ஊறி, நுரை வராத ஷாம்பு போட்டு, பிறகு கண்டிஷனர் போட்டு, அது போதாது என்று இன்னொரு கண்டிஷனர் போட்டு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு சமையலறையில் நடந்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வேர்வரை ஒவ்வொரு சிக்காக எடுத்து, துண்டால் துவட்டாமல் (துண்டு ஈரத்தையெல்லாம் குடித்துவிடுமாம்) புருஷன் கார்னெலின் டீ ஷர்ட்டால் ஒற்றி, க்ரீம் தடவி, ஜெல் தடவி, இரண்டு இரண்டு புரியாகப் பிடித்து முறுக்கி, சாட்டின் தொப்பியைக் கவிழ்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கார்னெலுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இருக்காது.

பாவம் கார்னெல். குளிர்ப்பெட்டியில் ஊறுகாய் ஜாடி ஒன்றில் ஆளி விதையைக் காய்ச்சி வடித்த ஜெல் இருந்தது. கோழிச் சாறு உறைந்திருக்கிறது என்று நினைத்து அதை எடுத்துச் சோளக்கஞ்சியில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டான். டெல்ஃபின் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"எவ்வளவு சாப்பிட்ட?"

"வயித்துக்கு ஒண்ணும் ஆவாது, கண்ணு. வழவழன்னுதான் போச்சு."

"உன் வயித்த யாரு கேட்டா? மிச்சம் என் தலைக்குக் காணுமா?"

சர்ச் விருந்துகளில் இவள் பக்கத்தில் உட்கார்ந்தால் தண்ணீர்க் கிளாஸைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். முடி மிதக்கிறதா முழுகுகிறதா என்று பார்த்து அதன் குணத்தைச் சொல்லிவிடுவாளாம். ஒரு தரம் ஒரு அம்மாளின் தோளில் கிடந்த முடியை எடுத்து, அந்த அம்மாளுடைய கிளாஸிலேயே போட்டுவிட்டு, "முழுகுது பாத்தீங்களா? உங்க முடிக்குத் தாகம்" என்றாள். அந்த அம்மாளுக்கும் தாகம்தான். கிளாஸ்தான் போய்விட்டதே.

இத்தனை சட்டங்களுக்கும் தலையான சட்டம் ஒன்று உண்டு. காய்கிற முடியில் கை வைக்காதே. முறுக்கிய புரி உள்ளே ஈரமாக இருக்கும்போது பிரித்தால் சுருள் நிற்காது, பஞ்சாகப் பொங்கிவிடும். இதைப் பஸ்ஸில் ஏறுகிற குழந்தைகளிடம் சொன்னாள், பாஸ்டரின் மனைவியிடம் சொன்னாள், வழுக்கைத் தலை தபால்காரரிடமும் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கை மார்வெட்டுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மார்வெட்டுக்கும் அக்காவைப் போலவே அடர்ந்த சுருட்டை. ஆனால் முடியைப் பற்றி யோசிக்கவே மாட்டாள். ஒரு நாடாவால் கட்டிக்கொண்டு பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவாள். கல்யாணத்துக்காக அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை டெரல் அவளுக்குத் தலையில் செருகுகிற ஒரு முத்துச் சீப்பு வாங்கித் தந்திருந்தான். சுருள் சுருளாக முடி தோள்வரை தொங்க வேண்டும், அதில் அந்தச் சீப்பு தெரிய வேண்டும். அவ்வளவுதான். யார் செய்துவிடுவது? ஜெனீவா வீட்டுச் சமையலறையில் இதற்கு ஒரு சண்டை நடந்தது.

"அம்மா, நீ அந்த இரும்புச் சீப்ப எடுத்தீன்னா நான் கல்யாணத்துக்கே வரமாட்டேன்," என்றாள் டெல்ஃபின்.

"வராட்டிப் போ. ஒரு தட்டு சோறு மிச்சம்."

"இந்தப் புழுக்கத்துல நீட்டுன முடி சர்ச் வாசப்படி ஏறதுக்குள்ள சுருண்டுக்கும்."

"உங்க அப்பன் என்னைக் கட்டுனது ஆகஸ்ட் மாசம்டி. என் தலையில ஒரு முடி அசையல."

"அது பயத்துல அசஞ்சிருக்காது."

மார்வெட் நடுவில் புகுந்தாள். "ரெண்டு பேரும் என் தலைய விட்டு இறங்குறீங்களா? அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. தோள் வரைக்கும் தொங்குமா?"

"தொங்கும். சத்தியமா. ஆனா காயற வரைக்கும் கை வைக்கக்கூடாது."

"நான் எதுக்குக்கா வைக்கப் போறேன்?"

அது உண்மை. அவள் வைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா வீட்டில் டெல்ஃபின் தங்கையை உட்காரவைத்துத் தலையை அலசினாள். ஒரு தலைக்கு ஒரு க்ரீம் போதும். ஆனால் தங்கை கல்யாணமாச்சே. ஷியா வெண்ணெய் போட்டது ஒன்று, தேங்காய்ப்பால் போட்டது ஒன்று, என்ன போட்டது என்று யாருக்கும் தெரியாதது ஒன்று. எதை விடுவது என்று மனசு வராமல் எல்லாவற்றையும் அப்பினாள். கேக் மேல் பூசுகிற மாதிரி. அதன் மேல் ஜெல். பிறகு முறுக்கி முடித்து, தொப்பியைப் போட்டு, "தொடாதே" என்று மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தனை க்ரீமை வைத்தால் முடி எப்படிக் காயும்? மறுநாள் காலையில் தொப்பியை எடுத்தால், புரி வெளியே பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தது. அழுத்தினால் உள்ளே குளுகுளு என்றது. டெல்ஃபின் அசரவில்லை. தன் வீட்டிலிருந்து தலைக்குமேல் கவிழ்க்கிற பெரிய ட்ரையரைக் கொண்டுவந்து மார்வெட்டை அதற்கடியில் உட்காரவைத்து முழுச் சூட்டில் விட்டாள். அதே நேரத்தில் ஜெனீவா தன் உடுப்புக்கு இஸ்திரி போட்டாள். அந்தப் பழைய வீடு எவ்வளவுதான் தாங்கும்? ஃப்யூஸ் போய்விட்டது. கார்னெல் கடைக்கு ஓடினான்.

கரண்ட் இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை. மார்வெட் இரண்டு கையிலும் நகப் பூச்சு காய்வதற்காக விரலை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் டெல்ஃபின். அவளிடம் சும்மா இருக்கிற இரண்டு கைகள்.

ஒரே ஒரு புரி. பின்கழுத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில். காய்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே? பிரித்தாள். ஈரம். சரி, அது கழுத்து வியர்வை பட்ட இடம், அதை வைத்து எப்படி முடிவு கட்டுவது? பக்கத்துப் புரியைப் பார்த்தால்தானே தெரியும். அதுவும் ஈரம். அப்படியானால் பின்பக்கமே ஈரம்தான், காதோரம் ஒருவேளை காய்ந்திருக்கும். காதோரமும் ஈரம். வலது காதைப் பார்த்துவிட்டு இடது காதைப் பார்க்காமல் விடலாமா?

"அக்கா, கை வைக்கிறியா?"

"இல்லடி, பாக்குறேன்."

"பாக்கறதுக்குக் கண்ணுதானே வேணும்?"

"நீ தலைய ஆட்டாதே. ஆட்டுனா கலைஞ்சிரும்."

கார்னெல் ஃப்யூஸைப் போட்டு விளக்கு எரிந்தபோது, மார்வெட்டின் தலையில் ஒரு புரிகூடப் பாக்கி இல்லை. மேக்கன் காற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அத்தனை அரை ஈரச் சுருளும் அதைக் கண்டதும் எழுந்து நின்று மரியாதை செய்தன. தோளில் இருந்த முடி காதுக்கு ஏறியது. காதில் இருந்தது நாலு பக்கமும் பொங்கியது. டெல்ஃபின் அவசர அவசரமாக முத்துச் சீப்பைச் செருகினாள். சீப்பு உள்ளே போனது. அதற்குப் பிறகு அதைக் காணோம். மூன்று பேர் தேடினார்கள். மார்வெட் கண்ணாடியைப் பார்த்தாள். டெல்ஃபின் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"மார்வி, ஏதாவது திட்டிரு."

"சீப்பு எங்க?"

"உள்ளதான் இருக்கு."

"உள்ளன்னா?"

ஜெனீவா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, இரும்புச் சீப்போடு கதவோரம் வந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "நான் ஒண்ணும் சொல்லலம்மா," என்றாள். அதைச் சொல்வதற்காகவே ஒரு வருஷமாகக் காத்திருந்தவள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றாள் மார்வெட். பூங்கொத்தில் சுற்றியிருந்த வெள்ளை நாடாவை உருவி, பொங்கி நின்ற அவ்வளவு முடியையும் இரண்டு கையால் வாரி உச்சியில் ஒரே கொத்தாகக் கட்டினாள். தினமும் வேலைக்குப் போகும்போது கட்டுகிற அதே கட்டு. "அக்கா, நீ சர்ச்சுல முதல் வரிசையில உக்காரு. உன் ரெண்டு கைமேலயும் நீயே உக்காந்துக்கோ. அதை வெளிய எடுத்தே, உன்னோட பேச மாட்டேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

டெல்ஃபின் அப்படியே செய்தாள். பாட்டுக்கு எல்லாரும் கை தட்டினார்கள். இவள் காலைத் தட்டினாள். விசிறி கொடுத்தார்கள், வாங்கவில்லை. வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. டெரல் மட்டும் மணமகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேத்தைக்கு இவ்வளவு ஒசரம் இல்லையே நீ," என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

பாஸ்டர் ஜெபம் சொல்ல, எல்லாரும் கண்ணை மூடினார்கள். டெல்ஃபின் மூடவில்லை. தங்கையின் தலைக்குப் பின்னால் ஏதோ பளிச்சென்றது. ஒரு முத்து. பிறகு இன்னொரு முத்து. மார்வெட் ஒவ்வொரு "ஆமென்"னுக்கும் தலையசைக்க, சீப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. விழுந்தால் கல்தரை. சொல்லலாமா? ஜெபத்தின் நடுவில் எப்படிச் சொல்வது? கையை எடுக்கலாமா? எடுத்தால் தங்கை பேச மாட்டாள். டெல்ஃபின் வாழ்க்கையில் அந்த ஜெபம் போல நீளமான ஜெபம் வேறு கிடையாது. கடைசி ஆமென். சீப்பு நழுவியது. பள்ளிக்கூட பஸ்ஸில் பறக்கிற சாப்பாட்டு டப்பாக்களைப் பிடித்துப் பழகிய கை அது. முன்னால் பாய்ந்து அந்தரத்திலேயே பிடித்துவிட்டது. ஒரு முடி மேலும் படவில்லை.

மார்வெட் திரும்பிப் பார்த்தாள். சீப்பைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தாள். "வை. முன்னால வை, எல்லாருக்கும் தெரியட்டும். வெச்சுட்டுக் கைய எடுத்துரு."

டெல்ஃபின் நாடாவுக்கு முன்னால் சீப்பைச் செருகினாள். முத்துகள் வரிசையாகத் தெரிந்தன. அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கையை எடுத்தாள். எடுத்த கை வழியில், காதுக்குப் பக்கத்தில் பிரிந்து நின்ற ஒரு சின்னச் சுருளைக் கண்டது. விரலில் சுற்றி, சும்மா ஒரு இழுப்பு...

பூங்கொத்தால் பட்டென்று ஒரு அடி விழுந்தது. பாஸ்டர் இருமினார். டெரலின் மாமா சத்தமாகச் சிரித்தார்.

இதோடு உபதேசி திருந்தியிருப்பாள் என்று நினைக்கிறீர்களா? விருந்தில் கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். பொண்ணுக்கு இவ்வளவு அடர்த்தியாக எப்படி நிற்கிறது, என்ன போட்டாய், எப்படிச் செய்தாய்? டெல்ஃபின் கண் இமைக்காமல் சொன்னாள்: "முழுசாக் காய விடக்கூடாது. அரை ஈரத்துல பிரிக்கணும். எல்லாருக்கும் கை வராது." அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுப் பெண்கள் எழுந்து நின்றபோது, பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பாஸ்டரே தெரியவில்லை.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் டெல்ஃபின் அந்த மூன்று க்ரீமுக்குப் பதிலாக எதைத் தடவியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், இல்லையா? நடுவிலேயே சொல்ல வாயெடுத்தீர்கள். பக்கத்தில் இருக்கிறவர் நெற்றிக்கு மேலேயும் ஒரு பார்வை பார்த்துவிட்டீர்கள். அது போகட்டும். இதைப் படிக்க ஒரு கை போதும். இன்னொரு கை இவ்வளவு நேரமும் எங்கே இருந்தது?

எடுங்கள், கலைந்துவிடும்.