நல்லர்பார் சாலையில் ஒத்திகை

போர்ட் அகஸ்டாவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டை இழுத்தபடி வண்டி மேற்கே திரும்பியபோதுதான் ரேலீன் அதைச் சொன்னாள். பெர்த் போய்ச் சேர்ந்ததும் மகள் கிம் வீட்டிலேயே தங்கிவிடப் போகிறாளாம். கிம்முக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது, மூத்தது இன்னும் நடக்கவே பழகவில்லை, மருமகன் சுரங்க வேலைக்குப் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை.

"ஆறு மாசம் இருப்பேன். பிடிச்சுப் போச்சுன்னா அங்கேயே இருந்தாலும் இருந்துடுவேன். நீ கேரவனை இழுத்துக்கிட்டு அடிலெய்டுக்குத் திரும்பிடு. உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே, நெவ்?"

நெவில் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கென்ன, பாத்துக்கலாம்," என்றான்.

அவன் வாயில் எப்போதும் அந்த ஒரு பதில்தான். வீட்டுக் கூரை புயலில் பறந்தபோதும் அதையேதான் சொன்னான். குடல்வால் வெடித்து ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, பயந்து போயிருந்த டிரைவரிடமும் அதையேதான் சொன்னான். நம் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்பார்கள். ஆனால் இன்றைக்குச் சொல்லி முடித்த மறுகணமே, சொல்லியிருக்கக் கூடாது என்று நெவிலுக்குத் தோன்றியது. ரேலீன் ஒரு நிமிடம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவன் மனைவியிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசியதில்லை. கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட, "மார்ச் மாசம் உனக்கு வேற வேல இருக்கா?" என்றுதான் கேட்டான். குழாய் ரிப்பேர்காரன். எந்த ஓட்டையையும் அடைத்துவிடுவான், சொந்த வாய் மட்டும் அவனுக்குத் திறக்காது.

பெர்த் போவதற்குள் 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நடுவில் நல்லர்பார் சமவெளி முழுவதும் கிடக்கிறது. மரமும் இல்லை, திருப்பமும் இல்லை. மனதில் உள்ளதைச் சொல்ல இதைவிட வசதியான இடம் உலகத்தில் கிடையாது என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது, சாலையில் போகிறவர்கள் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வைத்திருக்கும் டாஷ்போர்டு ரேடியோ கரகரத்தது. பின்னால் வந்த நீளமான லாரியிலிருந்து, பெயர் ஷெரில் என்று சொன்ன ஒரு பெண் குரல் முந்திக்கொள்ளலாமா என்று கேட்டது. நெவில் சுருள் வயரில் தொங்கிய மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தி, தாராளமாகப் போகச் சொன்னான். பேசி முடித்ததும், வழக்கம்போல மைக்கைக் கொக்கியில் மாட்டாமல் இரண்டு சீட்டுக்கும் நடுவே போட்டான். வழக்கம்போல ரேலீன் அதற்கு ஒரு பாட்டம் திட்டினாள்.

சிடூனா ஊரில், நெடுஞ்சாலைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். கேரவன் கோணலாக நின்றதால் எடுத்து மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது. ரேலீன் மடியிலிருந்த கம்பளி நூல் பையை நடுவே தொப்பென்று வைத்துவிட்டு, இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் வாங்கி வருவதாகச் சொல்லி இறங்கினாள். நெவில் தனியாக இருந்தான். நாள் முழுவதும் வாய் ஓயாத ரேடியோகூட அந்த நேரம் பார்த்து அமைதியாக இருந்தது. ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

தொண்டையைச் செருமிக்கொண்டு காலி சீட்டைப் பார்த்துப் பேசினான். "ரேலீன், நமது நீண்ட கால இல்லற வாழ்க்கையை முன்னிட்டு..."

நகராட்சிக் கூட்டத்தில் நன்றியுரை படிப்பது போல இருந்தது. அவனுக்கே சகிக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

"ரே... கட்டில்ல இடது பக்கம் எப்பவும் நீதான் படுப்பே. நீ இல்லைன்னா நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்குறது? காலையில நீ கெட்டிலை அடுப்புல வைக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியுது. போகாத, ரே."

இது பரவாயில்லை. ஆனால் இதை அவள் முகத்துக்கு நேரே சொல்வதற்குப் பதில், கூரை மேல் ஏறி அப்படியே குதித்துவிடலாம் என்று தோன்றியது.

ரேலீன் வர வெகு நேரம் ஆனது. வந்தபோது கையில் இருந்த பலகாரம் ஆறிச் சில்லிட்டுப் போயிருந்தது, அவள் கண் சிவந்திருந்தது. கேட்டதற்குத் தூசி என்றாள். பின்னாலேயே கடையிலிருந்து, முண்டா பனியன் போட்ட வாட்டசாட்டமான பெண் ஒருத்தி வந்தாள். லாரிக்காரி ஷெரில்தான் அது. நெவிலின் ஜன்னலோரம் ஒரு நொடி நின்றாள்.

"மொதல்ல பண்ணினது சுமார்தான். ரெண்டாவது பண்ணினே பாரு, அது அருமை, கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வண்டி நிறுத்தியதைச் சொல்கிறாள் என்று நெவில் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தான்.

பேச்சு வரவில்லையென்றால் பரிசு பேசட்டும் என்பது அவனுடைய அடுத்த யோசனை. அடுத்து வந்த பெனோங் என்ற சிற்றூரின் கடையில், ரேலீன் கழிப்பறைக்குப் போன நேரத்தில், அவளுக்கு உயிரான யூகலிப்டஸ் தேன் ஒரு பெரிய பாட்டில் வாங்கி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தான். மாநில எல்லையைத் தாண்டியதும் கொடுத்து, அந்தச் சாக்கில் விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

எல்லைச் சாவடி என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாதா? பழம், காய்கறி, தேன் எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எல்லை வருவதற்குள் மிச்சமிருக்கும் வாழைப்பழத்தையெல்லாம் சாலையோரம் நின்று விழுங்குவது நம் ஊர் வழக்கம். காதல் வந்தால் புத்தி போகும் என்பார்கள். நெவிலுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போயிருக்கிறது.

அதிகாரி சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பாட்டிலை எடுத்தார். பாட்டிலைப் பார்த்தார், நெவிலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எதுக்காக வாங்கினீங்கன்னு புரியுது சார். சட்டம் இடம் குடுக்கல. வேணும்னா இங்கேயே உக்காந்து சாப்பிட்டுடுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்," என்றார்.

இத்தனை இளகிய மனசுள்ள அதிகாரியை நெவில் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் சாவடியின் நிழலில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஸ்பூனால் தேன் தின்றார்கள். "இதை எதுக்கு வாங்கினே?" என்று ரேலீன் கேட்டாள். குரல் என்னவோ ரொம்ப மென்மையாக இருந்தது. நெவில் வாயைத் திறந்தான். திறந்த வாயில் ஸ்பூனை வைத்துக்கொண்டான். வீணாக்க மனமில்லாமல் முக்கால் பாட்டிலை அவனே முடித்தான்.

அன்று மாலைவரை அவனால் எதையும் சொல்ல முடியவில்லை. வழியில் இருந்த கழிப்பறை ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டு போவதற்கே நேரம் சரியாக இருந்தது.

மறுநாள் உடம்பு தேறியது. கடல் தெரியும் செங்குத்துப் பாறைக்குப் பக்கத்தில் கேரவனை நிறுத்தி, மடக்கு நாற்காலி இரண்டை அருகருகே போட்டான். தண்ணீர் கொதிக்க வைக்கப் போன ரேலீன், என்ன நினைத்தாளோ, முதலில் வண்டிக்குப் போய் நூல் பையைச் சீட்டுகளுக்கு நடுவே பத்திரமாக வைத்து, ஜன்னல் கண்ணாடியையும் இறக்கிவிட்டு வந்தாள். நெவில் வண்டிக் கதவில் சாய்ந்து நின்று இன்னொரு ஒத்திகை பார்த்தான். இந்த முறை பேச்சு, கல்யாண நாளன்று அவள் போட்டிருந்த மஞ்சள் செருப்பு வரைக்கும் வந்தது. அவனுக்கே ஆச்சரியம், இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று.

சாலையில் போன லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வழக்கமாக எதிரே வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்கள், அதோடு சரி. அன்றைக்கோ முழுக் கையையும் வெளியே நீட்டி ஆட்டினார்கள். மேற்கத்திக்காரர்கள் இவ்வளவு பாசக்காரர்கள் என்று நெவிலுக்குத் தெரியாமல் போயிற்று.

ரேலீன் தேநீருடன் வந்து உட்கார்ந்தாள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அவன் பக்கமாகத் திரும்பி, எதற்கோ காத்திருப்பவள் போல இருந்தாள்.

"ரே," என்றான். "உன்கிட்ட ஒண்ணு..."

நல்லர்பார் ஈக்களுக்குக் காலநேரம் தெரியாது. ஒன்று நேராகத் தொண்டைக்குள் போய்விட்டது. ரேலீன் அவன் முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். மூச்சு திரும்பியதும், "என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள்.

"அதுக்கென்ன, பாத்துக்கலாம்," என்றான் நெவில், கண்ணில் நீர் வழிய.

சமவெளி முடிந்து நார்ஸ்மன் ஊரை எட்டினார்கள். இனி ஒரே நாள் ஓட்டம், பெர்த் வந்துவிடும். பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருந்த கேம்ப் மைதானத்தில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது, இரண்டு கேரவன்களுக்கு நடுவில். கேரவனை ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்ப்பது நம் ஆட்களுக்குக் கிரிக்கெட் மாதிரி. நாற்காலியைப் போட்டு, கையில் பீரோடு, எந்தப் புருஷன் பெண்டாட்டி எப்போது சண்டை போடுவார்கள் என்று காத்திருப்பார்கள். அன்றும் உட்கார்ந்திருந்தார்கள். ஷெரிலும் லாரிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

ரேலீன் இறங்கிப் பின்னால் போய், சட்டைப் பையிலிருந்த கைரேடியோவை எடுத்து வழி சொன்னாள். இடது, இன்னும் கொஞ்சம் இடது, நேர் பண்ணு, வா, வா. அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு நெவில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தான். இந்தக் குரல் இல்லாமல் தனியாக இவ்வளவு தூரம் திரும்பிப் போக வேண்டும் என்ற நினைப்பு அப்போதுதான் அவனை முழுசாகத் தாக்கியது. பாதி வழியில் பிரேக்கைப் போட்டு, கதவைத் திறந்து இறங்கினான்.

ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கட்டிலும் இல்லை, கெட்டிலும் இல்லை, மஞ்சள் செருப்பும் இல்லை. கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு, "நீ இல்லாம நான் எப்படி ரிவர்ஸ் எடுப்பேன், ரே?" என்றான். "எனக்குக் கஷ்டமில்லையான்னு கேட்டே. கஷ்டம்தான். ரொம்பக் கஷ்டம்."

ரேலீன் கைரேடியோவை இறக்கினாள். "அதுக்கென்ன, பாத்துக்கலாம்," என்று சொல்லி, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டாள். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. யாரோ ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நெவில் பார்த்தான்.

கேரவன் ஒருவழியாக உள்ளே நின்றது. ரேலீன் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனாள். நெவில் ஷெரிலிடம் போய், முன்பின் தெரியாத இவர்களுக்கெல்லாம் தன் மேல் ஏன் இவ்வளவு பிரியம் என்று கேட்டான்.

"சிடூனாவுலேர்ந்து நீ வண்டியில தனியாப் பேசினது அத்தனையும் ரேடியோவுல வந்துச்சு, கண்ணு," என்றாள் ஷெரில். "அந்த நூல் பைக்கு அடியில உன் மைக் பொத்தான் அமுங்கியே கிடந்துச்சு. சாலை பூரா உன் சத்தம்தான். கேட்ட லாரிக்காரங்க சொல்லிச் சொல்லி, அந்தச் சாவடிக்காரருக்குக்கூட எல்லாம் தெரியும்."

நெவிலுக்குக் காது நுனிவரை சிவந்துபோயிற்று. தூரத்தில் குழாயடியில் நின்ற மனைவியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, ஷெரிலின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "ஊருக்கே தெரிஞ்சாலும் பரவாயில்ல. ரேலீனுக்கு மட்டும் தெரிய வேண்டாம், தயவுசெஞ்சு."

ஷெரில் அவனை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"சிடூனா கடை ரேடியோவுல உன் குரலக் கேட்ட நிமிஷமே மகளுக்குப் போன் போட்டு, ஒரு வாரத்துல திரும்பிடுவேன்னு சொல்லிட்டா, கண்ணு, அதுக்கப்புறம் நின்ன எடத்துலயெல்லாம் அந்தப் பையைப் பாத்துப் பாத்து மைக்கு மேல வச்சதே உன் பொண்டாட்டிதான்."